200 வருஷ பழசா, போன தலைமுறையில் செய்ததா? 'டோபி ஜக்' எந்த ஊர், எந்த மண் என்று கண்டுபிடிப்பது எப்படி?

மூன்று முனை தொப்பி, சிவந்த கன்னம், தொப்பை வயிறு, ஒரு கையில் நுரை பொங்கும் பீர் குவளை, பக்கத்தில் புகைக்குழாய். பார்த்தாலே சிரிப்பு வரும் ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அது பொம்மை இல்லை. பின்னால் கைப்பிடி இருக்கிறது, தொப்பியின் ஒரு முனைதான் ஊற்றும் மூக்கு. பீர் ஊற்றிக் கொடுக்கும் ஜக் அது.

ஆன்லைன் விற்பனைப் பக்கங்களில் இந்த மாதிரி ஜக்குகள் அடிக்கடி வரும். 'பிரிட்டிஷ் காலத்து பொருள், 200 வருஷ பழசு' என்று போட்டிருப்பார்கள். உண்மையிலேயே 200 வருஷமாக இருந்தால் அது ஏலக் கடைக்குப் போக வேண்டிய பொருள். 1950களில் ஜப்பானில் செய்த நகலாக இருந்தால் அலமாரியில் வைக்கும் அழகுப் பொருள், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் ஏமாறவும் இடம் இருக்கிறது, கையில் இருப்பதன் அருமை தெரியாமல் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடவும் இடம் இருக்கிறது.

இதை எப்படி பிரித்துப் பார்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டோபி?

டோபி ஜக் பிறந்த இடம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட், பர்ஸ்லெம் என்று வரிசையாகப் பானைத் தொழில் ஊர்கள் உள்ள பகுதி. 1760களில் இருந்து அங்கே இந்த ஜக்குகள் செய்யப்பட்டு வருகின்றன.

பெயருக்கு இரண்டு கதை சொல்வார்கள். ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்த் நைட்' நாடகத்தில் வரும் குடிகாரர் சர் டோபி பெல்ச் என்பது ஒன்று. இன்னொன்று, 1761-ல் பிரான்சிஸ் ஃபாக்ஸ் எழுதிய 'பிரவுன் ஜக்' என்ற பாடலில் வரும் டோபி ஃபில்பாட். குடித்தே செத்துப்போன டோபி மண்ணோடு மண்ணாகி, அந்த மண்ணை எடுத்து ஒரு குயவர் ஜக் செய்தார் என்பதுதான் அந்தப் பாடலின் கதை. யார்க்‌ஷயரில் வாழ்ந்த ஹாரி எல்வெஸ் என்பவர்தான் நிஜ டோபி, அவர் 2,000 கேலன் பீர் குடித்தவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை எண்ணிப் பார்த்தது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது!

எல்லா டோபியும் ஆணும் இல்லை. 'மார்த்தா கன்' என்ற பெண் ஜக்கும் உண்டு. பிரைட்டன் கடற்கரையில் குளிக்க வருபவர்களைத் தண்ணீரில் இறக்கிவிடும் வேலை பார்த்த நிஜப் பெண் அவர். தொப்பியில் வேல்ஸ் இளவரசரின் இறகுச் சின்னம் இருந்தால் அது மார்த்தா.

முதலில் உருவத்தைப் பாருங்க

மனித முகம் இருந்தாலே டோபி ஜக் என்று விற்பார்கள். அது தப்பு. முழு உடம்பும், உட்கார்ந்தோ நின்றோ இருந்தால்தான் டோபி. தலையும் தோளும் மட்டும் இருந்தால் அதற்கு 'கேரக்டர் ஜக்' என்று பெயர். இது பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டு சரக்கு. உருண்டையான பழுப்புக் குடுவையின் கழுத்தில் தாடிக்காரர் முகம் மட்டும் ஒட்டியிருந்தால் அது ஜெர்மனியின் 'பார்ட்மான்'. கரடுமுரடான குடுவையில் வெள்ளைக் கண்ணும் வெள்ளைப் பல்லும் துருத்திக்கொண்டு இருந்தால் அது அமெரிக்காவின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த 'ஃபேஸ் ஜக்'. பளபளவென்ற தடித்த நிறங்களில் சிரிக்கும் முகம், உள்ளே பார்த்தால் நீலப்பச்சைப் பூச்சு என்றால் பிரான்ஸின் சார்கெமின் ஊர்ப்பக்கம் போக வேண்டியிருக்கும். அங்கே 1900-ஐ ஒட்டிய காலத்தில் மஜோலிகா வகை முக ஜக்குகள் ஏராளமாகச் செய்தார்கள். அடியில் ஊர்ப் பெயரும் மாடல் எண்ணும் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும்.

இந்த முதல் பார்வையிலேயே நாடும் நூற்றாண்டும் பாதி தெரிந்துவிடும். மீதி பாதியை மண்தான் சொல்ல வேண்டும்.

எல்லாமே 'பீங்கான்' இல்லை

நம் வீடுகளில் பளபளப்பாக இருக்கிற எல்லாவற்றையும் பீங்கான் என்று சொல்லிவிடுகிறோம். ஊறுகாய் ஜாடியையும் பீங்கான் ஜாடி என்கிறோம், டீ கப்பையும் பீங்கான் கப் என்கிறோம். உண்மையில் இரண்டும் வேறு வேறு மண், வேறு வேறு சூடு.

சுமார் 1,000 முதல் 1,150 டிகிரி வரை சுட்டால் கிடைப்பது 'எர்த்தன்வேர்'. நம்ம மண்பானை இதன் எளிய வடிவம். சுட்ட பிறகும் உள்ளே நுண்துளைகள் இருக்கும். பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதே அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான். ஜக் செய்தால் கசியாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு கொடுத்தாக வேண்டும். அதுதான் 'கிளேஸ்'.

1,200 டிகிரியைத் தாண்டிச் சுட்டால் மண் இறுகி ஏறக்குறைய கல்லாகிவிடும். அது 'ஸ்டோன்வேர்'. மேலே பழுப்பு, கீழே வெள்ளையாக இருக்கும் ஊறுகாய் ஜாடி இந்த ரகம். உப்பும் எண்ணெயும் வருஷக்கணக்கில் இருந்தாலும் கசியாது. இன்னும் அதிகச் சூட்டில், கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணில் செய்தால் 'போர்சலின்'. அதில் எலும்புச் சாம்பலைச் சரிபாதி அளவுக்குக் கலந்தால் 'போன் சைனா'. இவை இரண்டும் மெல்லியதாக இருக்கும் இடத்தில் வெளிச்சத்தை உள்ளே விடும்.

வீட்டிலேயே எப்படி சோதிப்பது? முதலில் கீழே ஒரு கனத்த துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஜக்கைக் கைப்பிடியால் தூக்கக் கூடாது, இரண்டு கையாலும் உடம்பைப் பிடித்துத் தூக்கவும். பழைய ஜக்குகளில் கைப்பிடிதான் முதலில் உடைந்து, ஒட்டப்பட்டிருக்கும் இடம்.

உள்ளே செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்க. சுவர் மங்கலாக ஒளிர்ந்தால் போர்சலின் அல்லது போன் சைனா. இருட்டாகவே இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று, அல்லது சுவர் ரொம்ப தடிமன்.

அடுத்து, அடிப்பாகத்தில் கிளேஸ் படாத வெறும் மண் தெரியும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கால் வளையத்தில் இருக்கும். ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தொட்டு வையுங்கள். உறிஞ்சினால் எர்த்தன்வேர். முத்து மாதிரி நின்றால் ஸ்டோன்வேர் அல்லது போர்சலின். 18-ம் நூற்றாண்டு டோபி என்று சொல்லி விற்கப்படும் ஜக்கில் வெளிச்சம் ஊடுருவினால், பேச்சுவார்த்தையை அங்கேயே முடித்துவிடலாம். அந்தக் கால ஸ்டாஃபோர்ட்ஷயர் டோபிகளில் மிகப் பெரும்பான்மை எர்த்தன்வேர்தான்.

நகத்தால் லேசாகத் தட்டினால் போர்சலின் மணி மாதிரி ஒலிக்கும், எர்த்தன்வேர் 'டொக்' என்று அடங்கிவிடும். ஒலிக்க வேண்டியது ஒலிக்காமல் போனால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். கையில் எடுத்ததும் குளிர்ச்சியே இல்லாமல், எடையும் இல்லாமல், தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வந்தால் அது ரெசின். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அதைச் செய்யாதீங்க. அசலாக இருந்தாலும் பூச்சு கெட்டுப்போகும்.

இரண்டு வெள்ளை, நடுவில் ஒரு நீலம்

பழைய டோபியின் வயதைச் சொல்வதில் சேகரிப்பாளர்கள் அதிகம் நம்புவது ஒரு சின்ன விஷயத்தை. கிளேஸ் தேங்கி நிற்கும் இடத்தின் நிறம்.

கிளேஸ் திரவமாகப் பூசப்படுவது. சுடும்போது உருகி வழிந்து, மடிப்புகளிலும் கால் வளையத்தின் ஓரத்திலும் கொஞ்சம் தடிமனாகத் தேங்கும். மற்ற இடங்களில் நிறமே இல்லாததுபோல் தெரிந்தாலும், தேங்கிய இடத்தில் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கே மஞ்சள் அல்லது இளம்பச்சை தெரிந்தால் அது 'கிரீம்வேர்'. லேசான நீலம் தெரிந்தால் 'பேர்ல்வேர்'. ஜோசையா வெட்ஜ்வுட் 1779-ல் 'பேர்ல் ஒயிட்' என்று அறிமுகப்படுத்திய ரகம் இது. மஞ்சள் சாயலை மறைத்து சீனப் பீங்கான் மாதிரி வெள்ளையாகக் காட்டுவதற்காகத் துளி கோபால்ட் சேர்த்தார்கள். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவது மாதிரிதான். வேட்டி மடிப்பில் நீலம் திட்டுத் திட்டாகத் தங்குவது போலவே ஜக்கின் மடிப்பிலும் தங்கியது.

நிறம் எப்படி போடப்பட்டது என்பதும் முக்கியம். ஆரம்ப கால டோபிகளில் நிறமே கிளேஸில்தான் இருந்தது. பழுப்பு, பச்சை, சாம்பல், ஊதா கலந்த பழுப்பு எல்லாம் ஒன்றோடொன்று ஓடிக் கலந்து, எல்லைகள் மங்கலாக இருக்கும். பர்ஸ்லெமின் ரால்ஃப் வுட் குடும்பத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை இவை. அடுத்து வந்தது 'பிராட்வேர்'. காவி மஞ்சள், அடர் நீலம், பச்சை, பழுப்பு ஆகியவற்றைப் பூசி அதன் மேல் கிளேஸ் கொடுத்தது. விரலால் தடவினால் நிறம் கைக்குத் தட்டுப்படாது, கண்ணாடிக்கு அடியில் இருக்கும். அதற்குப் பிறகு, கிளேஸுக்கு மேலேயே எனாமல் தீட்டுவது பரவியது. அந்த நிறம் விரலில் லேசாகத் தட்டுப்படும். கையால் பிடித்த இடங்களில் தேய்ந்தும் உதிர்ந்தும் இருக்கும்.

தொப்பியின் நடுப்பகுதி காணாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம். பல பழைய டோபிகளுக்குக் கழற்றக்கூடிய மூடி இருந்தது. குடிக்கும் இடத்தில் புழங்கிய பொருளில் மூடி முதலில் தொலைவது சகஜம். மூடி இருந்தால்தான், அது அதே ஜக்கோடு பிறந்ததா என்று இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

உள்ளே கையை விட்டுப் பாருங்க

18-ம் நூற்றாண்டு டோபிகளைப் பெரும்பாலும் எப்படி செய்தார்கள்? சப்பாத்தி மாதிரி தட்டிய களிமண்ணை இரண்டு பாதி அச்சுகளில் விரலால் அமுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். அதனால் உள்சுவர் ஒரே சீராக இருக்காது. விரல் பதிந்த தடம், ஒட்டிய கோடு, தடிமன் மாற்றம் எல்லாம் இருக்கும். கைப்பிடியைத் தனியாகச் செய்து ஒட்டினார்கள்.

பின்னாளில் களிமண்ணைத் தோசை மாவு பதத்தில் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றும் முறை பரவியது. பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, அச்சின் சுவரில் ஒரே தடிமனில் மண் படியும். மீதியைக் கொட்டிவிடுவார்கள். இப்படிச் செய்ததில் வெளியே மூக்கு துருத்தினால் உள்ளே அதே இடத்தில் குழி இருக்கும். கைப்பிடியும் உடம்போடு சேர்த்தே ஊற்றப்பட்டிருந்தால், அது சேரும் இடத்தில் உள்ளே சின்னத் துளை தெரியும்.

20-ம் நூற்றாண்டு கேரக்டர் ஜக்கில் இது இயல்பு. ஆனால் 'ரால்ஃப் வுட், 1780' என்று விலை சொல்லப்படும் டோபியில் இந்தத் துளை இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அடியில் இருக்கும் முத்திரை சொல்வது என்ன?

பலரும் ஜக்கை வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பது அடியைத்தான். தப்பில்லை. ஆனால் பழைய டோபிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த முத்திரையும் கிடையாது. முத்திரை இல்லை என்பதால் போலி என்று சொல்ல முடியாது. மாறாக, 18-ம் நூற்றாண்டு பெயர் பளிச்சென்று பதிந்திருந்தால்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

நாட்டின் பெயர் ஒரு நல்ல கடிகாரம். அமெரிக்காவில் 1890-ல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருட்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அதனால் 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தாலே பொருள் ஏறக்குறைய அந்த வருஷத்துக்குப் பிந்தையது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் 20-ம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம். '1790-ல் செய்தது' என்று சொல்லிவிட்டு அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' இருந்தால்... புரிந்திருக்கும்.

ஜப்பானியப் பொருட்களில் 'நிப்பான்' என்ற சொல் 1921 வரை. அதன் பிறகு 'ஜப்பான்'. இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கப் படைகள் அங்கே இருந்த காலத்தில் 'ஆக்குப்பைட் ஜப்பான்' என்று பதித்த சரக்கு வந்தது. 1952-ல் அந்த ஆக்கிரமிப்பு முடிந்தது. சின்னச் சின்ன டோபி குவளைகள் இந்த முத்திரையோடு ஏராளம். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1918-க்கு முன்னால் இருக்க வாய்ப்பே இல்லை, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது.

பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவு செய்யும் வழக்கமும் உதவும். 1842 முதல் 1883 வரை வைர வடிவ முத்திரை. 1884 முதல் 'ஆர்டி நம்பர்' என்ற வரிசை எண். ஆனால் இது அந்த வடிவத்தை எப்போது பதிவு செய்தார்கள் என்றுதான் சொல்லும். கையில் இருக்கும் ஜக் அதற்குப் பல வருஷம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.

ராயல் டோல்டன்: பலர் ஏமாறும் வருஷம்

கேரக்டர் ஜக் என்றாலே பலர் கையில் இருப்பது ராயல் டோல்டன்தான். பர்ஸ்லெம் ஆலையின் கலை இயக்குநர் சார்லஸ் நோக் 1934-ல் 'ஜான் பார்லிகார்ன்' என்ற முதல் ஜக்கை வடிவமைத்தார். அதன் பிறகு கடற்கொள்ளையர், அரசர், கதைமாந்தர் என்று நூற்றுக்கணக்கில் வந்தன. கைப்பிடியைப் பார்த்தாலே பல ஜக்குகளின் கதை தெரிந்துவிடும். லாங் ஜான் சில்வருக்குக் கிளி, கேப்டன் ஏஹாபுக்குத் திமிங்கிலம். எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் போலினுக்கு, தலை வெட்டப்பட்டதை நினைவூட்டும் கோடரி. கொஞ்சம் கொடூரமான நகைச்சுவைதான்.

அடியில் கிரீடத்தின் மேல் நிற்கும் சிங்கமும், பின்னிய 'டி' எழுத்துகளும் இருக்கும். கூடவே 'டி' என்று தொடங்கும் ஒரு மாடல் எண். இந்த எண்தான் ஜக்கின் அடையாள அட்டை. அதைத் தேடினால் பெயர், எந்த வருஷம் அறிமுகம், எப்போது நிறுத்தினார்கள் என்பது கிடைத்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், அதே முத்திரையில் 'காப்பிரைட் 1949' மாதிரி ஒரு வருஷம் இருக்கும். அது அந்த ஜக் சூளையிலிருந்து வந்த வருஷம் இல்லை, வடிவத்துக்கு உரிமை பெற்ற வருஷம். அதே ஜக்கை அடுத்த 30, 40 வருஷம் செய்திருந்தாலும் அதே 1949தான் அடியில் இருக்கும். 'வருஷம் போட்டிருக்கே' என்று விற்பவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

சில பழைய ஜக்குகளில் சிங்கத்தின் வலப்பக்கம் சின்னதாக ஓர் எண் இருக்கும். அதோடு 1927-ஐக் கூட்டினால் செய்த வருஷம். 13 என்றிருந்தால் 1940. முத்திரைக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஏ' எழுத்து இருந்தால் ஏறக்குறைய 1930களின் இறுதி முதல் 1950களின் நடுப்பகுதி வரை என்று எடுத்துக்கொள்ளலாம். முத்திரையின் குறுக்கே வேண்டுமென்றே கீறியிருந்தால் அது இரண்டாம் தரம். சூளையில் சின்னக் குறை ஏற்பட்டதால் ஆலையே தள்ளுபடியில் விற்றது.

மண்ணும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இல்லை. வழக்கமான பர்ஸ்லெம் ஜக் எர்த்தன்வேர். 1960களின் கடைசியில் சில வருஷம் மட்டும் வெளிச்சம் ஊடுருவும் 'இங்கிலிஷ் டிரான்ஸ்லூசென்ட் சைனா'வில் செய்தார்கள். ஒரே ஜக் இரண்டு மண்ணில் இருந்தால் டார்ச் சோதனைதான் தீர்ப்பு. இதே டோல்டன் நிறுவனத்துக்கு லண்டன் லாம்பெத்திலும் ஓர் ஆலை இருந்தது. அங்கே செய்தது பழுப்பு நிற உப்பு கிளேஸ் ஸ்டோன்வேர். பெயர் ஒன்று, ஊரும் மண்ணும் வேறு. பர்ஸ்லெம் ஆலை 2005-ல் மூடப்பட்டது.

அரிதானது எது என்று கேட்டால் சேகரிப்பாளர்கள் முதலில் சொல்வது 1940-ல் வந்த சர்ச்சில் ஜக். வெள்ளை நிறம், இரண்டு கைப்பிடி. கொஞ்ச காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். முகம் தன்னை மாதிரியே இல்லை என்று சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

முதல் உலகப்போர் காலத்திலும் தலைவர்கள் ஜக் ஆனார்கள். கார்ட்டூனிஸ்ட் பிரான்சிஸ் கேருதர்ஸ் கோல்ட் வடிவமைத்து வில்கின்சன் நிறுவனம் செய்த 11 டோபிகளின் வரிசையில் கிச்சனர், ஹெய்க், லாயிட் ஜார்ஜ் எல்லாம் உண்டு. அடியில் கோல்டின் கையெழுத்து அச்சாகியிருக்கும்.

தாடிக்காரரும் வெள்ளைப் பல்லும்

பார்ட்மான் என்றால் ஜெர்மன் மொழியில் தாடிக்காரர். 16, 17-ம் நூற்றாண்டுகளில் கொலோன், ஃப்ரெஹென் பகுதிகளில் செய்யப்பட்ட ஸ்டோன்வேர் குடுவை. சூளையில் உப்பை வீசுவார்கள். அது ஆவியாகி மண்ணில் படிந்து, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியான பளபளப்பு வரும். இந்தத் தோல்தான் முதல் அடையாளம். காலம் செல்லச் செல்ல முகம் அலங்கோலமாகிக்கொண்டே போகும். தாடியும் கண்ணும் அழகாக இருந்தால் முந்தையது, கோணல் மாணலாக இருந்தால் பிந்தையது. 1629-ல் ஆஸ்திரேலியா அருகே மூழ்கிய டச்சுக் கப்பல் 'படேவியா'விலும் இவை கிடைத்தன.

இங்கிலாந்தில் சூனியத்துக்குப் பயந்தவர்கள் இதே குடுவையில் சிறுநீர், ஆணி, ஊசி, முடி போட்டு மூடி வீட்டுக்கு அடியில் புதைத்தார்கள். 2004-ல் கிரீனிச்சில் மூடி திறக்காத ஒன்று கிடைத்து, ஆய்வகத்தில் சோதித்தபோது இவை எல்லாம் உள்ளே இருந்தது உறுதியானது. அப்படி மூடிய குடுவை கிடைத்தால் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பதுதான் ஆதாரம்.

அமெரிக்க ஃபேஸ் ஜக்கின் கதை வேறு மாதிரி கனமானது. தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் 19-ம் நூற்றாண்டில் இதைச் செய்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளிக் குயவர்கள். ஆட்களைக் கப்பலில் கொண்டுவருவது 1808 முதல் சட்டவிரோதம். ஆனாலும் 1858-ல் 'வாண்டரர்' என்ற கப்பல் 400-க்கும் மேற்பட்டவர்களை ஜார்ஜியா கரையில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் பலர் எட்ஜ்ஃபீல்டுக்கு அனுப்பப்பட்டார்கள். காங்கோ பகுதியின் சடங்குப் பொருட்களுக்கும் இந்த முகங்களுக்கும் உறவு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மண்ணை வைத்து அடையாளம் காணலாம். உடல் ஸ்டோன்வேர், மேலே மரச்சாம்பல் அல்லது சுண்ணாம்பு கலந்த கிளேஸ், அதனால் பச்சை கலந்த பழுப்பு நிறம் வழிந்து நிற்கும். கண்ணும் பல்லும் கயோலினில் தனியாகச் செய்து பதித்தவை. அங்கே மட்டும் கிளேஸ் இல்லாமல் வெள்ளையாக இருக்கும். செய்தவர்களின் பெயர் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அடிமைகள் எழுதப் படிக்கக் கற்பதைத் தடுக்கும் சட்டம் தென் கரோலினாவில் 1834-ல் வந்தது. அதே எட்ஜ்ஃபீல்டில் டேவிட் டிரேக் என்ற அடிமைக் குயவர் தன் பெரிய ஜாடிகளில் 'டேவ்' என்று கையெழுத்திட்டு கவிதையும் எழுதினார். 2022-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் இந்தக் குயவர்களுக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது.

அதனால் இங்கே தப்பான அடையாளம் சொல்வது பண நஷ்டத்தோடு நிற்காது. 20-ம் நூற்றாண்டில் ஜார்ஜியாவின் லேனியர் மீடர்ஸ் போன்ற வெள்ளையினக் குயவர்களும் முக ஜக்குகள் செய்தார்கள். அவையும் மதிப்புள்ளவைதான். ஆனால் அவற்றின் கீழ்க் கையெழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டு 'எட்ஜ்ஃபீல்ட்' என்று விற்றால், பெயரே இல்லாமல் போனவர்களின் வரலாற்றைத் திருடுவதாகிவிடும். அடியில் ஓர் இடம் மட்டும் புதிதாகத் தேய்க்கப்பட்டது போல் இருந்தால் விடாமல் கேளுங்க.

பழசாக்கும் தந்திரங்கள்

கிளேஸில் வலை மாதிரி மயிரிழை வெடிப்பு இருந்தால் பழசு என்று ஒரு நம்பிக்கை. அது தப்பு. புதுப் பொருளிலும் அதை வரவைக்கலாம், டீத்தண்ணீரில் ஊறவைத்தால் பழுப்பும் ஏறிவிடும். நிஜமான அழுக்கு ஒரே சீராக இருக்காது. புழங்கிய இடத்தில் அதிகம், எட்டாத இடத்தில் குறைவு.

கால் வளையத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்க. 200 வருஷம் மேசைமேல் தள்ளப்பட்ட ஜக்கில் கீறல்கள் பல திசையில், ஆழம் மாறி மாறி இருக்கும். எமரித் தாளில் தேய்த்தால் கோடுகள் ஒரே திசையில் ஓடும்.

ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க ரூபாய் நோட்டு சோதிக்கும் யுவி டார்ச் போதும். இருட்டறையில் அடித்துப் பார்த்தால், பின்னால் பூசிய பெயிண்டும் பசையும் சுற்றியுள்ள கிளேஸில் இருந்து வேறு நிறத்தில் ஒளிரும். தொப்பி முனை, கைப்பிடி, குழாய், மூக்கு என இந்த நான்கு இடமும் கட்டாயம். ஒட்டியிருப்பது குற்றம் இல்லை. சொல்லாமல் விற்பதுதான் பிரச்னை.

சுடுமண்ணின் வயதைச் சொல்லும் 'தெர்மோலூமினசன்ஸ்' ஆய்வும் உண்டு. கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று தோராயமாகக் கணக்கிடும். ஆனால் அதற்கு ஜக்கில் சின்னத் துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும். விலை உயர்ந்த பார்ட்மானுக்குச் சரி, சாதாரண கேரக்டர் ஜக்குக்கு வேண்டாத வேலை.

கழுவலாமா? குடிக்கலாமா?

பாத்திரம் கழுவும் மெஷினில் போடவே கூடாது. வெந்நீரும் வேண்டாம். கிளேஸுக்கு மேல் தீட்டிய எனாமல் உதிரும், பழைய பசை விட்டுப்போகும், வெடிப்புக்குள் போன தண்ணீர் கறையாக மாறும். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து நிழலில் உலர வைத்தால் போதும்.

இதில் மோர் ஊற்றிக் குடித்தால் என்ன என்று யோசிப்பவர்கள் கவனிக்கவும். பழைய ஸ்டாஃபோர்ட்ஷயர் கிளேஸில் ஈயம் உண்டு. அந்தக் கிளேஸில் கையை முக்கி வேலை பார்த்த தொழிலாளர்கள் ஈய நச்சால் முடங்கிப்போனது அந்த ஊர்களின் நிஜ வரலாறு. புளிப்பான மோர், பழச்சாறு, ஒயின் எல்லாம் அந்த ஈயத்தைக் கரைத்து இழுக்கும். 18, 19-ம் நூற்றாண்டு ஜக்கும், எங்கே செய்தது என்று தெரியாத வண்ண ஜக்கும் அலமாரியோடு இருக்கட்டும். குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக் கொடுப்பது கூடவே கூடாது.

விற்பதற்கு முன்னால் ஒரு ஏல நிறுவனத்திடமோ விவரம் தெரிந்தவரிடமோ கேட்க நினைத்தால் ஆறு போட்டோ அனுப்புங்கள். முன்பக்கம், பின்பக்கம், கைப்பிடி சேரும் இடம், உள்பக்கம், முழு அடிப்பாகம், முத்திரையின் குளோசப். உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். சாதாரண டோபி சுமார் 25 செ.மீ. இருக்கும், ராயல் டோல்டனின் ஆகச் சிறிய 'டைனி' அளவு 3 செ.மீ.தான். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல் எடுங்கள். மடிப்பில் தேங்கியிருக்கும் அந்த நீலமும் மஞ்சளும் ஃபில்டரில் முதலில் காணாமல் போகும்.